பெயர்ப்பலகையில் எந்த அறிவியல் பெயர்? பள்ளி மரங்கள், நண்டு பாட்டில்கள் – விவரம் தேவை

முதுநகர் டீச்சர் (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி வளாகத்தில் நாற்பது மரங்கள் இருக்கின்றன. பசுமைப்படைப் பிள்ளைகளை வைத்து ஒவ்வொன்றுக்கும் அலுமினியப் பெயர்ப்பலகை மாட்டத் திட்டம். துறைமுகத்தில் வாங்கிய நண்டுகளும் சில மீன்களும் ஆய்வகத்தில் பாட்டிலில் வைக்கத் தயாராக இருக்கின்றன. தமிழ்ப் பெயரில் சிக்கல் இல்லை. அறிவியல் பெயரில்தான் முட்டுகிறது.

கருவேலம் பழைய நூல்களில் அகேஷியா, இணையத்தில் வாச்செல்லியா. சீமைக்கருவேலம் புரோசோபிஸ் என்றிருந்தது, இப்போது நெல்டுமா என்கிறார்கள். பிச்சாவரத்து வெண்கண்டலை ஒரு நூல் வெர்பினேசி குடும்பத்திலும் இன்னொன்று அகாந்தேசி குடும்பத்திலும் வைக்கிறது. சேற்று நண்டு என்றால் எல்லாவற்றுக்கும் சில்லா செர்ராட்டா என்று எழுதிவிடலாமா? பெயருக்குப் பின்னால் வரும் ஆள் பெயர் சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, சில இடங்களில் வெளியே இருக்கிறது. அது அச்சுப்பிழையா, விதியா?

பலகைக்குப் பணம் செலவாகும். ஒருமுறை பொறித்தால் சில ஆண்டுகளாவது மாற்றாமல் இருக்க வேண்டும். நடைமுறையில் என்ன செய்வது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

உலர்தாள் (புதுச்சேரி)

டீச்சர், மரங்களைப் பற்றி நான் சொல்கிறேன். நண்டை அது தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். இங்கே பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். பலகையில் லத்தீன் எழுத்தில், சாய்வெழுத்தில் வர வேண்டும். பேரினத்தின் முதல் எழுத்து பெரியது, சிற்றினப் பெயர் முழுக்கச் சின்ன எழுத்து. ஊர்ப் பெயரிலிருந்து வந்த சிற்றினப் பெயரானாலும் சின்ன எழுத்துதான். குடும்பப் பெயர், ஆசிரியர் பெயர் (அந்த அறிவியல் பெயரை வைத்தவர்) இரண்டும் நேர் எழுத்தில். பலகை பொறிப்பவரிடம் இதை முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். விட்டால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் பொறித்துவிடுவார்கள்.

பெயர்கள் ஏன் மாறுகின்றன என்று புரிய வேண்டுமானால் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எது எதோடு சேரும், எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிப்பது வகைப்பாடு. அந்த எல்லைக்குள் இருக்கும் கூட்டத்துக்கு எந்தப் பெயர் செல்லும் என்று பார்ப்பது பெயரிடல். விதித்தொகுப்புகள் இரண்டாவதை மட்டுமே ஆள்கின்றன. எல்லை எங்கே என்பது ஆய்வாளரின் முடிவு, சான்று மாறினால் அதுவும் மாறும்.

கருவேலத்தில் இரண்டும் சேர்ந்து நடந்தது. அகேஷியா என்று இருந்த பெருங்கூட்டம் ஒரே கிளையில் பிறந்ததல்ல என்று மரபணு ஆய்வுகள் காட்டின. எனவே உடைக்க வேண்டியதாயிற்று. அது வகைப்பாடு. உடைத்த துண்டுகளில் பழைய பெயர் யாருக்கு என்பது பெயரிடல் கேள்வி. அகேஷியா என்ற பெயரின் வகைமாதிரி, அதாவது அந்தப் பெயர் கட்டப்பட்டிருந்த இனம், நம் கருவேலம்தான். வழக்கமான விதிப்படி பெயர் இதனிடமே இருந்திருக்கும். ஆனால் ஆஸ்திரேலியாவில் இருக்கும் கூட்டம் மிகப் பெரியது, அத்தனைக்கும் பெயர் மாற வேண்டியிருந்திருக்கும். அதைத் தவிர்க்க வகைமாதிரியையே ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்கு மாற்ற 2005 வியன்னா தாவரவியல் மாநாடு ஒப்புக்கொண்டது, 2011 மெல்போர்ன் மாநாட்டிலும் அது நிலைத்தது. அதனால் நம்முடையது வாச்செல்லியா நிலோட்டிகா ஆயிற்று. இது இனி திரும்பி வர வாய்ப்பில்லை, தயங்காமல் பொறிக்கலாம்.

சீமைக்கருவேலம் 2022இல்தான் நெல்டுமா ஜூலிஃபுளோரா ஆனது. வன்னி மரம் புரோசோபிஸிலேயே இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். பிள்ளைகள் தேடும்போது பழைய பெயரில்தான் பெரும்பாலான தகவல் கிடைக்கும் என்பதால் சீமைக்கருவேலத்துக்கு மட்டும் பழைய பெயரை இரண்டாம் வரியில் சின்னதாகச் சேர்ப்பது நல்லது.

அடைப்புக்குறி அச்சுப்பிழை அல்ல, விதி. பூவரசை எடுத்துக்கொள்ளுங்கள். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அதைச் செம்பருத்திப் பேரினத்தில் வைத்து ஹைபிஸ்கஸ் பாபுல்னியஸ் என்றார். பின்னால் அது தெஸ்பீசியாவுக்கு மாறியது. எனவே தெஸ்பீசியா பாபுல்னியா, அடுத்து அடைப்புக்குறிக்குள் 'எல்.' (லின்னேயஸின் சுருக்கம்; ஆசிரியர் பெயர்களை இப்படிச் சுருக்கி எழுதுவார்கள்), அதற்கு வெளியே 'சோல். எக்ஸ் கொரேயா'. உள்ளே இருப்பவர் அந்தச் சிற்றினப் பெயரை முதலில் வைத்தவர், வெளியே இருப்பவர் புதிய பேரினத்துக்கு அதை மாற்றியவர். 'எக்ஸ்' வந்தால், முன்னால் இருப்பவர் பெயரை யோசித்தார், பின்னால் இருப்பவர்தான் முறைப்படி வெளியிட்டார் என்று பொருள். பலகையில் இடம் போதாவிட்டால் 'சோல். எக்ஸ்' பகுதியை விட்டுவிடலாம், கொரேயாவை விடக் கூடாது. முந்திரிக்கு 'எல்.' மட்டும், அடைப்புக்குறி இல்லாமல். ஏனென்றால் லின்னேயஸ் வைத்த பேரினத்திலேயே அது இன்றும் இருக்கிறது.

பேரினம் மாறும்போது சிற்றினப் பெயரின் வால் மாறுவதையும் கவனியுங்கள். பாபுல்னியஸ் பாபுல்னியா ஆனது பேரினப் பெயர் லத்தீனில் ஆண்பாலா பெண்பாலா என்பதற்கு ஏற்ப. ஒதிய மரம் 1774இல் டயாலியம் கோரமண்டலிக்கம், இன்று லானியா கோரமண்டலிக்கா. பழைய நூலிலிருந்து சிற்றினப் பெயரை அப்படியே எடுத்துப் புதிய பேரினத்தோடு ஒட்டினால் இங்கேதான் தப்பு விழும். பெயரை முழுதாக ஒரே இடத்திலிருந்து எடுங்கள்.

வேம்பு இன்னொரு விதிக்கு எடுத்துக்காட்டு. லின்னேயஸ் வைத்தது மீலியா அசாடிராக்டா. பிறகு அதற்கென்று அசாடிராக்டா என்ற பேரினம் உருவானபோது பழைய சிற்றினப் பெயரைக் கொண்டுவந்தால் அசாடிராக்டா அசாடிராக்டா என்று வரும். தாவரங்களில் பேரினமும் சிற்றினமும் ஒரே சொல்லாக இருக்கக் கூடாது. அதனால் இண்டிகா, ஆசிரியர் ஏ.ஜஸ்., அடைப்புக்குறி கிடையாது. விலங்குகளில் இந்தத் தடை இல்லை, நல்ல பாம்பு நாஜா நாஜா என்றே இருக்கிறது.

பண்ருட்டி வட்டாரத்தில் அடிக்கடி பார்க்கும் தப்பு ஒன்று: பலாவுக்கு ஆர்ட்டோகார்பஸ் இன்டக்ரிஃபோலியா என்று பலகை. பழைய தாவர நூல்கள் அந்தப் பெயரைப் பலாவுக்குப் பயன்படுத்தின. ஆனால் அந்தப் பெயர் உண்மையில் போய்ச் சேரும் மரம் தென்கிழக்காசியாவின் செம்பெடக். நம் பலா ஆர்ட்டோகார்பஸ் ஹெட்டிரோஃபில்லஸ், ஆசிரியர் லாம்.

குடும்பம் மாறியதற்குக் காரணம் வேறு. நம் ஊர் நூல்கள் பலவும் உலர்தாவரகங்கள் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் இடங்கள்) பலவும் பெந்தம்–ஹூக்கர் வரிசையைப் பின்பற்றுகின்றன. மலரின் அமைப்பை வைத்து 19ஆம் நூற்றாண்டில் போட்ட வரிசை அது. தாளைத் தேடி எடுக்க இன்றும் வசதியானது. இன்றைய வகைப்பாடு மரபணு வழியில் கட்டியது, அதன் நான்காம் பதிப்பு 2016இல் வந்தது. அதில் வெண்கண்டல் அகாந்தேசி, தேக்கு லேமியேசி, பிச்சாவரத்துக் கண்டல் மரமான சொன்னரேஷியா லித்ரேசி. ஒரே பலகைத் தொகுப்பில் இரண்டு முறையையும் கலக்காதீர்கள். புதியதை எடுத்துக்கொண்டு நாற்பதுக்கும் அதையே வையுங்கள்.

எங்கே சரிபார்ப்பது? கியூ தாவரவியல் தோட்டத்தின் 'உலகத் தாவரங்கள்' தளத்தில் பழைய பெயரைத் தட்டினால் ஏற்கப்பட்ட பெயர், ஆசிரியர், குடும்பம் மூன்றும் வரும். வந்ததை வெட்டி ஒட்டுங்கள், கையால் தட்டச்சு செய்யாதீர்கள். தளம் சொல்வதும் ஒரு குழுவின் முடிவுதான், தீர்ப்பு அல்ல. ஆனால் பள்ளிக்கு ஒரே இடத்தைப் பின்பற்றுவதுதான் முக்கியம்.

பலகை 10 × 15 செ.மீ. போதும். தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், குடும்பம், மரத்தின் எண். அந்த எண்ணுக்கு ஒரு பதிவேடு வையுங்கள், மாறக்கூடியது எல்லாம் அதில் போகட்டும். ஆணி அடிக்க வேண்டாம். முதுநகர் உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், மரத்திலும் காயம் ஆறாது. துருப்பிடிக்காத எஃகு வில்லோடு கம்பி கட்டினால் அடிமரம் பருக்கும்போது அதுவும் விரியும்.

---

கொடுக்கு (பரங்கிப்பேட்டை)

நண்டுக்கு வருகிறேன். சேற்று நண்டு எல்லாவற்றுக்கும் சில்லா செர்ராட்டா என்று எழுதக் கூடாது. நம் கரையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு இனம், பழைய இந்தியக் கட்டுரைகளில் அவற்றின் பெயர்கள் இடம் மாறி இருக்கின்றன.

1998இல் கீனன், டேவி, மான் மூவரும் இந்தப் பேரினத்தைத் திருத்தி நான்கு இனங்களாகப் பிரித்தார்கள்: செர்ராட்டா, டிராங்குபாரிக்கா, ஒலிவேசியா, பாரமாமோசைன். அதற்கு முன்பும், பின்னால் சில காலமும், இங்கே பெரிய நண்டை டிராங்குபாரிக்கா என்றும் சின்னதைச் செர்ராட்டா என்றும் எழுதிவந்தார்கள். மரபணுவோடு ஒப்பிட்டபோது பெரியதுதான் செர்ராட்டா, சின்னது ஒலிவேசியா என்று தெளிவாயிற்று. ஆகவே பழைய கட்டுரையில் 'செர்ராட்டா' இந்த அளவில் முதிர்கிறது, இத்தனை முட்டை இடுகிறது என்று படித்தால் அது ஒலிவேசியாவின் விவரமாக இருக்கக்கூடும். பெயரை மட்டும் பார்த்து எண்களை எடுத்தால் பாட்டில் அட்டையில் ஒரு நண்டின் பெயரும் இன்னொரு நண்டின் வாழ்க்கையும் சேர்ந்துவிடும். டிராங்குபாரிக்கா என்ற பெயர் தரங்கம்பாடியிலிருந்து வந்தது என்பதால் நம் நண்டு அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டுவதும் தப்பு.

பிரித்துப் பார்க்க இரண்டு இடம். முதலில் கண்களுக்கு நடுவே நெற்றி விளிம்பில் இருக்கும் நான்கு பற்கள். செர்ராட்டாவில் உயரமாக எழும்பி நிற்கும், ஒலிவேசியாவில் தாழ்ந்து உருண்டிருக்கும். அடுத்து கொடுக்குக் காலில், கொடுக்குக்கு முந்தைய கணுவின் வெளிப்புறம். செர்ராட்டாவில் இரண்டு தெளிவான முள், ஒலிவேசியாவில் அந்த முட்கள் மழுங்கி மேடாகவோ ஒன்று இல்லாமலோ இருக்கும். செர்ராட்டாவின் கால்கள் எல்லாவற்றிலும் பலகோண வலைக்கோலம் தெரியும். நிறத்தை நம்பாதீர்கள். உயிரோடு இருக்கும்போது ஒலிவேசியாவின் கொடுக்கு செம்மஞ்சளாக இருக்கும், ஸ்பிரிட்டில் (எத்தனாலில்) போட்ட பிறகு அது போய்விடும். குட்டி நண்டில் பற்களின் உயரம் ஏமாற்றும், வளர்ந்ததை வைத்தே முடிவு செய்யுங்கள். இரண்டு அடையாளமும் ஒத்துவராவிட்டால் சில்லா எஸ்பி. (பேரினம் சில்லா, சிற்றினம் தெரியவில்லை) என்று நிறுத்துவதுதான் நேர்மை.

நீலக்கால் நண்டிலும் இதே கதை. நூல்களில் போர்ட்டூனஸ் பெலாஜிகஸ் என்று இருப்பதை 2010இல் லாய், இங், டேவி மூவரும் நான்காகப் பிரித்தார்கள். வங்கக் கடல் பக்கம் இருப்பது போர்ட்டூனஸ் ரெட்டிகுலேட்டஸ். அட்டையில் அதை எழுதி, 'பழைய நூல்களில் பெலாஜிகஸ்' என்று பதிவேட்டில் குறியுங்கள்.

விலங்கியலில் அடைப்புக்குறி கொஞ்சம் வேறு மாதிரி. பேரினம் மாறியிருந்தால் முதலில் பெயர் வைத்தவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகும். மாற்றியவர் பெயர் வராது. சேற்று நண்டு 1775இல் கேன்சர் செர்ராட்டஸ் என்று வந்தது, இன்று சில்லா செர்ராட்டா, பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ஃபோர்ஸ்கால், 1775'. மத்திக்கு சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ் வேலன்சியென்ஸ், 1847 – அடைப்புக்குறி இல்லை. அடைப்புக்குறியை உங்கள் விருப்பத்துக்குச் சேர்த்தாலோ விட்டாலோ பெயரின் வரலாறே மாறிவிடும்.

கடல் உயிர்களுக்கு 'வோர்ம்ஸ்' என்ற உலகக் கடல் உயிரினப் பதிவேட்டைப் பாருங்கள். பெயர் ஏற்கப்பட்டதா, இல்லாவிட்டால் ஏன் என்றும் போட்டிருக்கும். மீனுக்குக் கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் மீன் பெயர்ப்பட்டியல் இன்னும் கறாரானது, வகைமாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பது வரை வரும்.

---

முதுநகர் டீச்சர்

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு இருவருக்கும் நன்றி. பிள்ளைகள் கேட்ட இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன. வகைமாதிரி என்று சொல்கிறீர்களே, அது உண்மையில் என்ன? உப்பனாற்றில் கிடைத்த ஒரு சின்ன உளுவை மீன் எந்தப் படத்தோடும் ஒத்துவரவில்லை. அது புது இனமாக இருந்தால் பள்ளியின் பெயரை வைக்க முடியுமா என்று ஒரு பையன் விடாமல் கேட்கிறான். மூன்றாவதாக என் சந்தேகம்: பாட்டிலில் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடலாமா?

---

வகைமாதிரி (புதுச்சேரி)

கையெழுத்தே 'வகைமாதிரி' என்று வைத்திருப்பதால் முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் இனத்தின் பெயர் ஒரு விவரிப்போடோ படத்தோடோ கட்டப்பட்டதல்ல, ஒரு மாதிரியோடு கட்டப்பட்டது. அந்த ஒரே மாதிரிக்குப் பெயர் முதன்மை வகைமாதிரி. நாளை ஒருவர் அந்த இனத்தை மூன்றாகப் பிரித்தால், அந்த மாதிரி எந்தத் துண்டில் விழுகிறதோ அந்தத் துண்டுக்குத்தான் பழைய பெயர். மற்ற இரண்டுக்கும் வேறு பெயர் தேட வேண்டும். நீலக்கால் நண்டில் நடந்தது இதுதான். வகைமாதிரி, அந்த இனத்தின் சராசரியான உருவமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. குட்டியாக இருக்கலாம், கால் உடைந்திருக்கலாம். அது பெயரின் நங்கூரம், அவ்வளவுதான். பழைய ஆசிரியர்கள் ஒன்றைத் தனியே குறிக்காமல் பலவற்றை வைத்து எழுதியிருந்தால் அவை எல்லாம் இணை வகைமாதிரிகள். பின்னால் ஒருவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து நிலைநிறுத்தலாம்.

புதுச்சேரிக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. கொடுக்கு சொன்ன மத்தியின் மூல இடம் (வகைமாதிரி கிடைத்த இடம்) புதுச்சேரி. புதுச்சேரிச் சுறா எனப்படும் கார்கரைனஸ் ஹெமியோடான், முல்லரும் ஹென்லேயும் 1839இல் விவரித்தது, அதன் மாதிரிகளும் இங்கிருந்து போனவை. கௌதாரியின் சிற்றினப் பெயர் பாண்டிசெரியானஸ். சொன்னரா 1782இல் எழுதிய பயண நூலின் விவரத்தைக் கொண்டு கிமெலின் 1789இல் வைத்தது அது. பேரினம் டெட்ராவோ, பிரான்கோலினஸ், ஆர்ட்டிகார்னிஸ் என்று மாறிக்கொண்டே வந்தும் பாண்டிசெரியானஸ் மாறவில்லை. முதலில் முறைப்படி வந்த சிற்றினப் பெயருக்குத்தான் முன்னுரிமை. தாவரங்களுக்கு அந்தக் கணக்கு 1753 மே 1இலும், விலங்குகளுக்கு 1758 ஜனவரி 1இலும் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பெயர்கள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் செல்லாது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரும் ஒரு கண்டல் மரத்தில் இருக்கிறது. பிச்சாவரத்தில் ரைசோஃபோரா அபிகுலேட்டாவும் மியூக்ரோனேட்டாவும் கலந்த கலப்பினம் ஒன்று உண்டு. முதலில் அதை லாமார்க்கி என்று பதிவுசெய்திருந்தார்கள். ஆனால் லாமார்க்கி என்பது அபிகுலேட்டாவும் ஸ்டைலோசாவும் சேர்ந்தது. பெற்றோர் வேறு என்பதால் அந்தப் பெயர் பொருந்தாது. 1995இல் கதிரேசன் அன்னமலயானா என்று புதுப் பெயர் வெளியிட்டார். கலப்பினம் என்பதால் சிற்றினப் பெயருக்கு முன் பெருக்கல் குறி போட வேண்டும். அது ஆங்கில எழுத்து எக்ஸ் அல்ல. பிச்சாவரம் போகும்போது பூவைப் பார்க்கச் சொல்லுங்கள். அபிகுலேட்டாவில் ஒரு தண்டில் இரண்டே பூ, தனிக்காம்பு இல்லாமல் ஒட்டியிருக்கும். மியூக்ரோனேட்டாவில் ஒவ்வொரு பூவுக்கும் காம்பு உண்டு.

இப்போது உளுவை. படத்தோடு ஒத்துவராததற்குப் புது இனம் என்பது கடைசிக் காரணம். உளுவைகளில் ஆணும் பெண்ணும் நிறம் மாறும், குட்டிக்குக் கோடு இருக்கும், படம் பிடித்த ஊர் வேறாக இருக்கும். இனங்காண் திறவுகோலை (படிக்கு இரண்டு வரியாகப் பண்புகளைக் கொடுத்து இனத்தின் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்) வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு வரிகளையும் முழுக்கப் படிக்க வேண்டும். முதல் வரி பொருந்துகிறது என்று உடனே தாண்டினால் நான்காம் படியில் எங்கோ போய் நிற்பீர்கள். திறவுகோல் எந்தக் கடலுக்கு எழுதியது என்பதையும் பாருங்கள். பசிபிக்குக்கு எழுதியதில் நம் மீன் இல்லாமலே இருக்கும், ஆனாலும் திறவுகோல் ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்துவிடும். முதுகுத்துடுப்பின் முட்கள், கதிர்கள், பக்கவாட்டுச் செதில் வரிசை – இவற்றை உருப்பெருக்கியில் எண்ணி எழுதி வையுங்கள்.

அதற்குப் பின்னும் தெளியாவிட்டால் எழுதும் முறை உண்டு. பேரினம் மட்டும் தெரிந்தால் பேரினம், அடுத்து 'எஸ்பி.'. ஓர் இனத்தைப் போலிருக்கிறது, உறுதியில்லை என்றால் பேரினம், 'சிஎஃப்.', பிறகு சிற்றினம். அதற்கு நெருக்கம், ஆனால் அதுவல்ல என்று நினைத்தால் 'அஃப்.'. இவை மூன்றும் நேர் எழுத்தில் வரும். குடும்பம் மட்டும் தெரிந்தால் குடும்பத்தோடு நிறுத்துங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை, தப்பான பெயரைவிட அது பல மடங்கு பயனுள்ளது.

பையனிடம் சொல்லுங்கள்: பெயர் வைக்கலாம், வழி நீளமானது. அந்தப் பேரினத்தில் இதுவரை வெளிவந்த எல்லாப் பெயர்களையும், கைவிடப்பட்டவை உட்பட, சரிபார்க்க வேண்டும். பழைய பெயர் ஒன்று இந்த மீனுக்கே வைத்ததாக இருந்தால் புதுப் பெயருக்கு இடமில்லை. பல மாதிரிகளை நெருங்கிய இனங்களின் வகைமாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். முதன்மை வகைமாதிரி ஒன்றைக் குறித்து, அது எந்த அருங்காட்சியகத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்று எழுதி, வேறுபடுத்தும் பண்புகளைச் சொல்லி, முறையான இதழில் வெளியிட வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழானால் கட்டுரை வெளிவரும் முன் 'ஜூபேங்க்' என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு செய்து, அந்தச் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். 2012 முதல் இப்படி. தாவரத்துக்கு விவரிப்பு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். பூஞ்சைக்கு 2013 முதல் பதிவெண் கட்டாயம். பள்ளி ஊரின் பெயரில் '–என்சிஸ்' போட்டு வைப்பது விதிக்கு உட்பட்டதே.

எச்சரிக்கை ஒன்று. அதுவரை அந்தப் பெயரை அட்டையிலோ முகநூலிலோ எழுதக் கூடாது. விவரிப்பும் வகைமாதிரியும் இல்லாமல் உலவும் பெயர் வெற்றுப் பெயர். அதற்கு உரிமை எதுவும் கிடையாது, குழப்பம் மட்டும் நிற்கும். இப்போதைக்கு 'உளுவை, கோபிடே குடும்பம்' என்று எழுதி, அளவோடு படமெடுத்துப் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். தாவரத்துக்கு ஐயம் என்றால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் உலர்தாவரகமோ கோவையில் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் மதராஸ் உலர்தாவரகமோ உதவும். போவதற்கு முன் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதிவிட வேண்டும்.

---

கொடுக்கு (பரங்கிப்பேட்டை)

ஃபார்மலின் கேள்விக்கு: எல்லாவற்றையும் போடக் கூடாது. நண்டு, இறால், சங்கு எதையும் ஃபார்மலினில் வைத்தால் அமிலம் சுண்ணாம்பை அரித்து ஓடு நொறுங்கும். அவற்றுக்கு 70 முதல் 75 சதவீத எத்தனால். நண்டை உயிரோடு ஸ்பிரிட்டில் இறக்கினால் கால்களைக் கழற்றி எறிந்துவிடும், பிறகு கொடுக்கின் முள்ளைப் பார்க்க வழியில்லை. முதல் நாள் இரவு உறைபெட்டியில் வைத்து, மறுநாள் போடுங்கள். ஓட்டின் ஓரத்தில் தண்ணீர் தேங்கி ஸ்பிரிட்டை நீர்க்கவைக்கும் என்பதால் முதல் வாரத்தில் ஒருமுறை ஸ்பிரிட்டை மாற்ற வேண்டும்.

மீனுக்கு ஃபார்மலின் தேவைதான், ஆனால் நிலைப்படுத்த மட்டும். கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. ஒரு வாரம் போதும், பெரிய மீனுக்கு வலது பக்க வயிற்றைக் கீறிவிட வேண்டும். இடது பக்கம்தான் படத்துக்கும் அளவுக்கும், அதைத் தொடக் கூடாது. பிறகு தண்ணீரில் நன்றாக அலசி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். மரபணு பார்க்கும் எண்ணம் இருந்தால் ஃபார்மலினுக்கு முன்பே ஒரு துண்டுச் சதையை 95 சதவீத எத்தனாலில் தனியே வையுங்கள், ஃபார்மலின் பட்ட சதை அதற்கு உதவாது. இந்த வேலையைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். ஃபார்மலின் புற்றுநோயூக்கி, காற்றோட்டமான இடத்தில் கையுறையோடு பெரியவர்கள் செய்ய வேண்டியது.

கடற்குதிரை, கடல் அட்டை, ஆமை ஓடு, பவளம் எதுவும் வலையில் செத்து வந்ததாக இருந்தாலும் பாட்டிலில் வைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருப்பவை அவை. பிச்சாவரத்தில் இலை பறிக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும்.

---

உலர்தாள் (புதுச்சேரி)

மரங்களுக்கும் சான்று வையுங்கள் என்று சொல்ல மறந்துவிட்டது. பூவோ காயோ உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, 28 × 42 செ.மீ. தாளில் ஒட்டி, பலகையின் அதே எண்ணைப் போட்டுவிட்டால் எந்தப் பெயர் மாறினாலும் மரத்தைத் திரும்பச் சரிபார்க்கலாம். செய்தித்தாளை முதல் வாரம் தினமும் மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம், நம் கரையில் அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். தை முதல் சித்திரை வரை நல்லது. கண்டல் இலைகள் தடிப்பானவை, காயும்போது காம்போடு உதிரும். அழுத்துமுன் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் உதிர்வது குறையும்.

---

முதுநகர் டீச்சர்

முதல் பாட்டிலுக்கு அட்டை இப்படி எழுதியிருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள்:

'எண் 7. சில்லா செர்ராட்டா ஃபோர்ஸ்கால் 1775. சேற்று நண்டு. கடலூர். மார்ச் மாதம். பசுமைப்படை.'

---

கொடுக்கு (பரங்கிப்பேட்டை)

ஃபோர்ஸ்கால் அடைப்புக்குறிக்குள் போகட்டும், பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவே காற்புள்ளி. 'கடலூர்' போதாது. உப்பனாறா, கெடிலமுகமா, துறைமுக ஏலக்கூடமா என்று எழுதுங்கள். ஆற்றில் பிடித்ததானால் ஆயத்தொலையை நான்கு தசமம் வரை போட்டால் பத்துப் பதினோரு மீட்டருக்குள் இடம் தெரியும். ஏலக்கூடத்தில் வாங்கியது என்றால் 'ஏலக்கூடத்தில் வாங்கியது' என்றே எழுதுங்கள், அங்கே பிடிபட்டது போல எழுதிவிடாதீர்கள். நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். ஆணா பெண்ணா, ஓட்டின் அகலம் மி.மீ.யில். கடைசி வரியில் இனங்கண்டவர் பெயர், எந்த ஆண்டு, எந்தத் திறவுகோல்.

தடித்த தாளில் பென்சிலால் எழுதி பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள், பந்துமுனைப் பேனா ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். வெளியே ஒட்டும் அட்டை பார்வையாளருக்கு மட்டும். பின்னால் யாராவது இது ஒலிவேசியா என்று திருத்தினால் உள்ளே இருக்கும் தாளை எடுத்துவிடாமல், புதுத் தாளில் புதுப் பெயரும் திருத்தியவர் பெயரும் ஆண்டும் எழுதி இதனோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.